வீடு இல்லை என்று சொல்லத் தெரிந்தவள்

வீட்டுத் தரகர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வை எல்லோரும் தாண்டிவிடுவார்கள். செய்முறைத் தேர்வில்தான் கவிழ்வார்கள். வீடு கேட்டு வருபவரிடம் சாதி, மதம், சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் தரகரின் காதில் மாட்டிய கருவி அலறிவிடும். ஆனால் வீட்டுக்காரர் வேண்டாம் என்ற ஆளைத் திருப்பி அனுப்பியே ஆகவேண்டும். சட்டமும் கோபித்துக்கொள்ளக் கூடாது, வீட்டுக்காரரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஷமீமாவின் முறை வந்தது. எதிர்ச்சுவர்த் திரையில் ஒரு குடும்பத்தைக் கணினியால் உருவாக்கிக் காட்டினார்கள். தொப்பி அணிந்த கணவன், முக்காடிட்ட மனைவி, ஜன்னல் பக்கம் ஓடி "இந்த ரூம் எனக்கு" என்ற சிறுமி.

"வெயில்ல வந்திருக்கீங்க, உக்காருங்க" என்றாள் ஷமீமா. "உங்கள மாதிரி தங்கமான குடும்பத்துக்குக் குடுக்கத்தான் எனக்கும் ஆசை. ஓனர் பையன் திடீர்னு அமெரிக்காவுலருந்து வர்றானாம். காலையிலதான் போன் வந்துச்சு. நம்பர் குடுத்துட்டுப் போங்க, நல்ல இடம் வந்தா நானே கூப்பிடுறேன்."

கருவி முனகக்கூட இல்லை. சுவரிலிருந்த மனைவி, "பரவால்லைங்க" என்று சிரித்தபடி சிறுமியின் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தச் சிரிப்பும் ஷமீமாவுக்குப் பழக்கம்தான்.

"முழு மார்க்கும்மா!" என்றார் தேர்வாளர். "காலையிலதான் போன் வந்துச்சுங்கிறதெல்லாம் எங்க புத்தகத்துலயே கிடையாது. எந்த கோச்சிங் சென்டர்?"

"கோச்சிங்லாம் போகல சார். நாலு வருசமா வாடகைக்கு வீடு தேடிட்டிருக்கேன்."

அவர் தலையாட்டிக்கொண்டே, முன் அனுபவம் என்ற கட்டத்தில் 'நான்கு ஆண்டுகள்' என்று நிரப்பினார்.