காலிக் கட்டங்கள்

மாலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து கணினித் திரையில் விழுகிறது. பத்திரிகை நிருபரான அவள் ஒரு கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, சுகாதாரத் துறை இணையத்தில் வெளியிட்ட அட்டவணையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் மாதந்தோறும் பிரசவத்தில் இறந்த தாய்மார்களின் எண்ணிக்கை அது. ஆற்றங்கரை மருத்துவமனைக்கு நேரே எல்லாக் கட்டங்களும் காலி. காலையில் அதைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு, ‘ஒரு தாயைக்கூட இழக்காத மருத்துவமனை’ என்று தலைப்பும் வைத்துவிட்டாள். இப்போது பார்த்தால், இறப்பு இல்லாத மாதங்களில் மற்ற மருத்துவமனைகள் பூஜ்ஜியத்தை ஒழுங்காகப் போட்டிருக்கின்றன. “பக்கம் முடிக்கணும்மா, செய்தி எங்க?” என்று வந்து நிற்கிறார் செய்தி ஆசிரியர். “அது தப்பு சார். அவங்க கணக்கே குடுக்கல.” “நல்ல சேதி ஒண்ணு போடலாம்னு பார்த்தேன், அதுலயும் மண்ணள்ளிப் போட்டுட்டியேம்மா.” அவள் தலைப்பை அழிக்கிறாள். மருத்துவமனைக்கு ஃபோன் போடுகிறாள். பிரசவ வார்டு நர்ஸ் எடுக்கிறார். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. “சிஸ்டர், உங்க வார்டுல இந்த வருஷம் தாய் யாருமே இறக்கலையா, இல்ல, யாரும் எழுதலையா?” அவள் ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றுகிறாள். “கொஞ்சம் இருங்க,” என்கிறது நர்ஸின் தணிந்த குரல். “கதவைச் சாத்திட்டு வர்றேன்.”