குரல் மட்டும் வருகிறது

ராஜபாளையத்து வீட்டின் முன்னறையில், மாலை வெயில் மடிக்கணினித் திரையில் விழுந்து தூசியை மட்டும் காட்டுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாப்பிள்ளை தன்னைப் பற்றிப் பேசிய வீடியோவைத் தரகர் பென்டிரைவில் தந்துவிட்டுப் போயிருக்கிறார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்கள் பெண் பார்க்க வரலாமா என்று ஸ்வீட்லின் இன்றைக்கே சொல்லியாக வேண்டும். அவள் கணினியில் இருப்பது லினக்ஸ். சில வகை வீடியோக்களைப் பிரித்துக் காட்டும் கோடெக் என்ற சிறு மென்பொருளை அதில் தனியாகத்தான் சேர்க்க வேண்டும். மாப்பிள்ளையின் குரல் வருகிறது, படம் வரவில்லை. கோடெக்கைப் பதிவிறக்கச் சொல்லிவிட்டு அவள் காத்திருக்கிறாள். நீலக்கோடு எறும்பாக ஊர்கிறது. “ஊரெல்லாம் வச்சிருக்க கம்ப்யூட்டர் உனக்கு ஆகாதாக்கும். ஏட்டி, மாப்பிள்ளைக்கு மூஞ்சி இருக்கா இல்லையா?” என்கிறாள் அம்மா ஏசம்மாள். “செத்த நேரம் பேசாம இரும்மா.” கறுப்புத் திரைக்குள் அவன் படிப்பையும் வேலையையும் ஒப்பிக்கிறான்; எழுதிவைத்து வாசிக்கிற குரல். சட்டென்று நிறுத்தி, “ஏலே, அத அடிக்காத. சன்னலத் தொறந்து விடு, அதுவே போயிரும்” என்று பக்கத்தில் யாரிடமோ சொல்கிறான். என்னவோ படபடக்கிறது. குருவியா, வௌவாலா? ஸ்வீட்லின் வீடியோவைப் பின்னுக்கு இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு மறுபடி கேட்கிறாள். சன்னல் கொக்கி கழலும் சத்தம், பிறகு அவன் சிரிப்பு. நீலக்கோடு இன்னும் பாதியைத் தாண்டவில்லை. “அவியள வரச் சொல்லும்மா.” “மூஞ்சியப் பாக்காமலா?” “அது எங்க போயிரப் போவுது? ஞாயித்துக்கிழம வீட்டுக்கே வரும்லா.”