சாட்சிக் கடிதம்

ஞாயிறு தவறாமல் தையல்காரம்மா சபையில் எழுந்து நின்று இரண்டு பேருக்காக ஜெபிப்பாள். முதலில் நாட்டின் ஜனாதிபதி. "அவருக்கு இரக்கமுள்ள இருதயத்தைத் தாரும் ஆண்டவரே." அடுத்தது அவளுடைய ஒரே மகன். "அவனை எப்படியாவது இரட்சியும்."

மகன் பிடிகொடுக்கவில்லை. மாதம் ஒருமுறை சிறைக்குப் பார்க்கப் போனால், "ஜெபத்தை வீட்டோட வச்சுக்கம்மா. இங்க வந்து அழாதே" என்பான்.

ஏழாம் வருடம் அவனே கேட்டான். "போதகரைக் கூட்டிட்டு வர்றியாம்மா?"

அவன் ஞானஸ்நானம் பெற்ற அன்றே அவள் ஜனாதிபதிக்கு எழுதினாள். "ஐயா, என் பிள்ளை மனந்திரும்பிவிட்டான். முழுசாக ஆண்டவருடைய பிள்ளையாகிவிட்டான்."

பத்தே நாளில் பதில் வந்தது. பிரிக்காமலே போதகரிடம் கொடுத்தாள்.

பிரித்துத் தனக்குள் படித்தவர் மறுபடி முதல் வரிக்குப் போனார்.

"என்ன ஐயா, விட்டுட்டாங்களா? சத்தமா படிங்க."

அவர் படித்தார்.

"அம்மா, நானும் விசுவாசிதான். மனந்திரும்பாத ஓர் ஆத்துமாவை நரகத்துக்கு அனுப்ப மனம் வராமல்தான் ஏழு வருடமாக உங்கள் மகனின் தண்டனை உத்தரவில் கையெழுத்திடாமல் இருந்தேன். உங்கள் கடிதம் என் பாரத்தை இறக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தூக்கு. உங்களுக்காக ஜெபித்துக்கொள்கிறேன்."