வளராத பெட்டி

“செத்தவங்க செத்துட்டாங்க. இருக்கிற கம்பெனியைக் காப்பாத்தற வழியைப் பார்ப்போம்,” என்றார் வக்கீல், துணிக்கடைக்காரர் துண்டுத் துணியை உதறுவதுபோல் புகார்க் காகிதத்தை உதறியபடி.

மருந்துக்கடை ஒன்றின் இணையதளம் இந்த அலுவலகத்தில் உருவானது. அதில் வலி மாத்திரைப் பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கிச் சாப்பிட்ட வயதான பெண்மணி ஒருவர், வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து இறந்துபோனார். மகன் புகார் கொடுத்திருந்தான்.

“பையன் விவரமில்லாதவன். நீங்களே பாருங்கன்னு அந்தம்மா போனையே குடுத்தனுப்பிட்டான்,” என்று வக்கீல் ஒரு பழைய போனை மேஜைமேல் வைத்தார். “முதல்ல இதைச் சொல்லும்மா. எச்சரிக்கை போட்டோமா, இல்லியா?”

“போட்டிருக்கோம் சார்,” என்றாள் பக்கத்தை வடிவமைத்தவள். தன் போனில் காட்டினாள். ‘ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் இதைத் தொடக் கூடாது.’ பெட்டிக்குள் கடைசி வரி. பளிச்சென்று இருந்தது.

“அப்புறமென்ன, ஜெயிச்ச கேஸுதான்,” என்று மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

“இதுலயும் பார்த்துடறேன்.” அவள் மேஜைமேல் இருந்த போனை எடுத்தாள். நாலு எண்களை அழுத்தித் திறந்து, அதே பக்கத்துக்குப் போனாள்.

எழுத்துகள் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிதாக இருந்தன. மாத்திரையின் பெருமை தெரிந்தது, ‘வாங்கு’ என்ற பட்டன் தெரிந்தது. கடைசி வரியைக் காணோம்.

“எங்கம்மா போச்சு?” என்றார் வக்கீல்.

“போன்ல எழுத்தைப் பெருசா வச்சிருக்கு சார். எழுத்து வளர்ந்தா பெட்டியும் கூடவே வளரணும். நான் உயரத்தை இவ்வளவுதான்னு கட்டிட்டேன். மிச்சம் உள்ளே மறைஞ்சு போச்சு.”

“ஏன் கட்டினே?”

“பெட்டி வளர்ந்தா பட்டன் கீழே போயிடும், வாங்கறவன் ஓடிடுவான்னு மேனேஜர் சார் சொன்னார்.”

“நான் பொதுவாச் சொன்னேன்,” என்றார் மேனேஜர், பேரம் படியாதவர் போல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

வக்கீல் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

“அந்த வயசுல அவங்களாவே இதையெல்லாம் மாத்தியிருக்க மாட்டாங்க. யாரோ பெருசாக்கிக் குடுத்திருக்காங்க. நம்ம பக்கம் ஒழுங்காத்தான் இருந்துச்சு, கெடுத்தது அந்தக் கை. பழியை அங்கே தள்ளிடலாம்.” ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினார். “எழுத்தோட அளவை மாத்தினவங்கதான் சாவுக்குக் காரணம்னு எழுதிக் கையெழுத்துப் போடு.”

அவள் எழுதினாள். ஒரு சொல்லும் விடாமல் அப்படியே எழுதி, கையெழுத்தும் போட்டாள்.

“சமர்த்து,” என்றார் மேனேஜர். “இனி அந்த ஆள் யாருன்னு கண்டுபிடிச்சாப் போதும்.”

அவள் தாளைத் திருப்பி வக்கீலிடம் நீட்டினாள்.

“எங்கம்மாவுக்குப் பெருசாக்கிக் குடுத்தது நான்தான் சார்.”