வலது பெருவிரல்

இழப்பீட்டு அலுவலகத்தில் இப்போதெல்லாம் எந்தக் கேள்வியையும் தனியாகக் கேட்பதில்லை. அணுவுக்குள் இருக்கும் ஒரு துகளிடம் கிடைக்கும் பதில், கூடவே வேறென்ன அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று சோதனைக்கூடத்தில் நிரூபித்தார்களாம். அதை அரைகுறையாகப் படித்த மேதாவிகள் மனிதர்களுக்கும் சட்டமாக்கிவிட்டார்கள்.

பிரஸ் மெஷினில் நசுங்கிய வலது கையை மணிக்கட்டோடு இழந்த பவுனம்மாள், மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி லோகநாதன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"தனியா கேட்டா, கை போச்சுன்னுதாம்மா வருது. கம்பெனி வாங்குன பாதுகாப்பு விருதையும் சேர்த்துக் கேட்டா, போகலைன்னு வருது. சேர்த்துக் கேக்குறதுதான் சட்டம்."

"சார், என்னைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

"பாக்குறதும் ஒரு கேள்விதாம்மா. அதுக்கு எனக்கு அனுமதி இல்ல."

மனு தள்ளுபடியானது. கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு ரேகை வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நகர்த்தினார். அவள் இடது கையை நீட்டினாள்.

"இடது ஆம்பளைங்களுக்கு. பொம்பளைங்க வலது பெருவிரல்தான் வைக்கணும்."

பவுனம்மாள் மைப்பெட்டியை மூடி அவர் பக்கமே தள்ளினாள்.

"கை போகலைன்னு சொன்னது உங்க கம்ப்யூட்டருதானே சார்? ரேகையையும் அதுகிட்டயே வாங்கிக்குங்க."