சிவப்புப் புள்ளி இல்லாத சதுரம்

வேட்டைக்காரன் புதரில் தவறவிட்ட செல்போனைக் காட்டுப்பன்றி முகர்ந்து பார்த்தது.

"தள்ளிப் போ! செயற்கைக்கோள் எடுத்த படம் என்கிட்ட இருக்கு. நீங்க தண்ணி குடிக்கிற ஓடை, படுக்கிற மூங்கில் புதர், எல்லாத்துலயும் சிவப்புப் புள்ளி வெச்சாச்சு. நாளைக்கு அங்கெல்லாம் துப்பாக்கியோட ஆளுங்க நிப்பாங்க," என்று பீற்றிக்கொண்டது செல்போன்.

பன்றி படத்தை உற்றுப் பார்த்தது. "இந்தப் பச்சைச் சதுரத்துல மட்டும் ஏன் புள்ளியே இல்ல?"

"அதுவா? அது எங்க முதலாளியோட மரவள்ளித் தோட்டம். சொந்தத் தோட்டத்துல யாராவது வேட்டைக்குப் போவாங்களா?"

மறுநாள் வேட்டைக்காரன் ஓடையருகே மூச்சை அடக்கிக் காத்துக் கிடந்தான். அவன் தோட்டத்தில் பன்றியும் பெண்டாட்டியும் பதினொரு குட்டிகளும் வயிறு முட்டத் தின்று ஏப்பம் விட்டன.

பிறகு பன்றி, வாயில் கவ்வி வந்திருந்த செல்போனைக் கீழே வைத்துக் கேட்டது:

"துப்பாக்கியோட நிக்கிற மத்தவங்களுக்கும் தோட்டம் இருக்குமே, காட்டு."