ஊசி கீழேதான் இருந்தது

12 ஜூன் 2025, வியாழன்

இன்றைய தவறு: பலகையில் இருந்த படத்தில் பாதியைத்தான் எழுதிக்கொண்டேன்.

தொழிற்சாலை பஸ் தெப்ராவ் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டதால் கார் பழுதுபார்க்கும் வகுப்புக்குத் தாமதம். இடப்பக்கத்தை எழுதி முடிப்பதற்குள் வசந்தன் சார் பலகையைத் துடைத்துவிட்டார். இடப்பக்கம் எளிது. இன்ஜின் சூடாகும், சூட்டை உணரும் சுவிட்ச் வேலை செய்யும், ரேடியேட்டர் விசிறி சுழலும்.

வலப்பக்கம் என்ன இருந்தது என்று உடன் படிக்கும் ஹாரூனிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்கிறேனோ என்று கூச்சம்.

யூஜின் சிங்கப்பூரில் வேலை முடித்து எல்லைப் பாலத்தைக் கடந்து வருவதற்குள் பாடம் முடிந்திருக்கும். செய்முறைக்குத்தான் வந்து சேர்வான். அவனுக்கும் சேர்த்து நான்தான் குறிப்பு எடுக்கிறேன்.

இன்று எங்களுக்குக் கொடுத்தது ஒரு சின்னப் பழைய கார். ரேடியேட்டருக்கும் குளிர்காற்று தரும் ஏர்கோனுக்கும் சேர்த்து ஒரே விசிறி. ஆறிய இன்ஜினை ஓடவிட்டு, சூடு காட்டும் ஊசி எந்த இடத்துக்கு ஏறும்போது விசிறி சுழலத் தொடங்குகிறது என்று குறிக்க வேண்டும். நான் உள்ளே ஊசிக்கு. யூஜின் வெளியே விசிறிக்கு, பட்டறையில் எல்லோரும் சொல்வதுபோல் கிப்பாஸுக்கு.

இன்ஜினை முடுக்கினேன். முடுக்கியதுமே அவன் கையிலிருந்து ஸ்பேனர் நழுவி, விசிறிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விழுந்தது. சத்தம் எனக்கே கேட்டது.

இன்ஜினை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் அளவு கெட்டுவிடும், மறுபடி ஆறும்வரை காத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முன்னால் ஏதோ ஒரு பிளாஸ்டிக் மூடி திறந்து மூடியது. பேட்டரியைப் பார்க்கிறான் போல.

"பியா, ஊசி எங்க இருக்கு?"

"கீழதான். இப்பதான ஸ்டார்ட் பண்ணோம். கிப்பாஸ் சுத்தாது, கைய விடு."

"டீச்சரம்மா சொன்னா சரி லா."

தூக்கியிருந்த பானெட் முன்கண்ணாடி முழுவதையும் மறைத்தது. அடியில் இருந்த சிறு இடைவெளியில் அவன் முழங்கை மட்டும் தெரிந்தது. அது மெல்லக் கீழே இறங்கியது.

போன சனிக்கிழமை அந்தக் கையைத்தான் நகைக்கடையில் மோதிர அளவுக்கு நீட்டினான். கோவிலில் ஃபாதர் எங்கள் கல்யாண அறிவிப்பு ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டார். கடைசி ஓலை இந்த ஞாயிறு.

தகரக் கூரையின் சூடு காருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்குள் வியர்வை. கை தானாகப் போய் ஏர்கோன் பொத்தானை அழுத்தியது. இந்த ஊரில் காரில் உட்கார்ந்தால் யாருக்கும் அப்படித்தான், யோசித்துச் செய்வதில்லை.

'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜினின் குரல் கொஞ்சம் இறங்கி ஏறியது.

அடுத்த காரிலிருந்து ஹாரூன் கத்தினான்.

"அலமாக்! ஏர்கோன் போட்டா ஊசி எங்க இருந்தாலும் கிப்பாஸ் சுத்தும்! டேய் யூஜின், கைய எடு!"

அதுதான் பலகையின் வலப்பக்கம்.

பொத்தானை மறுபடி அழுத்துவதா, சாவியைத் திருப்புவதா என்று என் கைக்குத் தெரியவில்லை. முழங்கை அசையாமல் இருந்தது. பிறகு அது இடைவெளியில் இல்லை.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் நின்றது.

அலறல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வராதது இன்னும் பயமாக இருந்தது.

கதவைத் திறந்து எப்படி முன்னால் போனேன் என்று நினைவில்லை. யூஜின் நின்றுகொண்டிருந்தான். வலது கை முழங்கை வரை கறுப்பு எண்ணெய். அதைப் பிடித்து இழுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை.

"ஏன் சுத்தல?"

அவன் மற்ற கையை விரித்தான். உள்ளங்கை வியர்வையில் ஒரு சிறிய பச்சை ஃபியூஸ். விசிறியுடையது.

"கைய விடுறதுக்கு முன்னாடியே புடுங்கிட்டேன்."

"அப்ப என்கிட்ட எதுக்குக் கேட்ட?"

"உன்ன நம்பலன்னு இல்ல லா. இந்தப் பழைய காடியத்தான் நம்பல."

"கல்யாணத்துக்கு முன்னாடியே உஷாராயிட்டான்," என்றான் ஹாரூன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சத்தம் கேட்டு வந்த வசந்தன் சார் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் போதும் என்று பானெட்டை இறக்கிவிட்டார்.

முதலில் வந்தது நிம்மதி. அதன் பின்னால் வந்தது வேறு ஏதோ. வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு யோசித்தும் அதற்குப் பெயர் தெரியவில்லை. திறந்து மூடியது ஃபியூஸ் பெட்டி. ஊசி கீழே என்று நான் சொல்வதற்கு முன்பே, அவன் கேட்பதற்கும் முன்பே, ஃபியூஸ் அவன் கைக்குள் இருந்திருக்கிறது.

அவன் என்னை முழுக்க நம்பியிருந்தால் இதை மருத்துவமனையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன்.

ஹாரூனிடம் கேட்டு வலப்பக்கத்தையும் வரைந்துவிட்டேன். விசிறிக்கு இரண்டு வழி: ஒன்று இன்ஜின் சூட்டிலிருந்து, இன்னொன்று ஏர்கோன் பொத்தானிலிருந்து. இரண்டில் எது வந்தாலும் அது சுழலும்.

நாளை: ஸ்பேனர் இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதை நான் எடுக்க வேண்டும். முதலில் ஃபியூஸை நானே கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சுத்தாது என்று யூஜின் சொன்னாலும்.